செய்யப்படும் என்றொரு பட்டன்

ராஜா இல்லாத ஊர்க் கதை இது. ஆகையால் ராஜாவுக்குப் பதிலாக வட்டார வளர்ச்சி அலுவலர் வருவார், மந்திரிக்குப் பதிலாக மேலாளர் வருவார். தாண்டுவதற்கு ஏழு கடலோ ஏழு மலையோ கிடையாது. ஒரே ஒரு பட்டன்தான்.

கீரமங்கலத்துக்குக் கொஞ்சம் அங்கிட்டு ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகம். எந்த ஒன்றியம் என்று எழுதினால் விளக்கம் கேட்பார்கள்; ஆகவே மேற்படி அலுவலகம் என்றே வைத்துக்கொள்வோம். மேற்படி அலுவலகத்தின் வட்டார வளர்ச்சி அலுவலர் அழகுமலை, சென்னையில் நடந்த ஒரு பயிற்சிக்குப் போய்த் திரும்பினார். பயிற்சியில் ஒரு கைப்பை, ஒரு பிளாஸ்க், ஒரு கொள்கை ஆகியவை வழங்கப்பட்டன. பையும் பிளாஸ்க்கும் வீட்டுக்குப் போய்விட்டன. கொள்கை ஆபீசுக்கு வந்து சேர்ந்தது.

கொள்கையின் பெயர் காகிதமில்லா நிர்வாகம். அதை அறிவிக்கும் சுற்றறிக்கை கட்டுக்கட்டாக அச்சடிக்கப்பட்டு எல்லாச் சுவரிலும் ஒட்டப்பட்டது. கதவுக்கு உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, கழிவறையில் ஒன்று. "இன்று முதல் பொதுமக்களின் குறைகள் காகிதத்தில் பெறப்படமாட்டா. கணினி வழியே மட்டுமே பெறப்படும்."

"கம்ப்யூட்டர்ல வாங்கணும்னா அதுக்கு ஒரு சாப்ட்வேர் வேணுமேங்கய்யா," என்றார் மேலாளர் முத்துராஜ்.

"மத்த ஒன்றியத்துலயெல்லாம் வச்சிருக்காங்க முத்துராஜ். பயிற்சிக்கு வந்தவங்க ஆளாளுக்குப் போனை நீட்டி, எங்க ஆப்பு, எங்க ஆப்புன்னு காட்டுறாங்க. நான் மட்டும் பிளாஸ்க்கைக் காட்டிக்கிட்டு நின்னேன். நம்ம இலக்கியா கம்ப்யூட்டர் படிச்ச புள்ளைதான? செய்யச் சொல்லுங்க."

இலக்கியா அங்கே ஒப்பந்தக் கணினி இயக்குநர். கணினி அறிவியலில் பட்டம் வாங்கியவள். அந்தப் பட்டத்தை வைத்து அவள் இதுவரை ஜெராக்ஸ் எடுத்து வந்தாள். மேலாளர் போனில் குட்மார்னிங் படம் இறங்காவிட்டால் இறக்கிக் கொடுத்து வந்தாள். சாப்ட்வேர் செய்யச் சொன்னதும் அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

சுற்றறிக்கையின் பசை காய்வதற்குள் முதல் குறை வந்துவிட்டது. அய்யனார்கொல்லை கம்மாக்கரைத் தெருவைச் சேர்ந்த அமிர்தவல்லி, மனுவும் கையுமாக வந்து நின்றார். இலக்கியாவுக்கும் அதே ஊர், பள்ளிக்கூடத் தெரு. உறவு இல்லாவிட்டாலும் அத்தை முறை வைத்துக் கூப்பிடுவாள்.

"எங்க தெரு மோட்டாரு பொகைஞ்சு போச்சு சார். காயில் கருகிருச்சுங்குறாங்க. தெருவே குடத்தைத் தூக்கிக்கிட்டு இந்தா, இலக்கியா தெருவுக்குத்தான் ஓடுது. கொஞ்சம் சீக்கிரமா பாத்து விடுங்க."

முத்துராஜ் மனுவைத் தொடவில்லை. தொட்டால் பெற்றதாகிவிடும். "இந்தாம்மா, பேப்பர் வாங்குறதில்லை. சுவத்துல ஒட்டியிருக்கு பாருங்க."

"அதுவும் பேப்பர்தான சார்?"

"அது அரசாங்கப் பேப்பர். இது ஒங்க பேப்பர். கம்ப்யூட்டர்ல ஒரு பட்டன் வரப்போகுது. அது வந்ததும் வந்து அமுக்குங்க."

"அதை அமுக்குனா மோட்டாரு ஓடுமா?"

"மொதல்ல பட்டன் ஓடட்டும்."

அமிர்தவல்லி இலக்கியாவைப் பார்த்தார். "வெரசாச் செஞ்சிரு தாயி. ஒன்னையத்தான் நம்பியிருக்கோம்."

இலக்கியா அன்றைக்கே உட்கார்ந்தாள். எந்தக் கணினி மொழியிலும் கன்னி முயற்சிக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. திரையில் ஒரு வாழ்த்து வரவேண்டும். அது வந்துவிட்டால் எல்லாம் சரியாகப் பொருத்தியிருக்கிறோம் என்று அர்த்தம். உலகம் முழுக்க எல்லாரும் போடுகிற அதே வாழ்த்தை அவளும் தமிழில் போட்டாள். திரையில் ஒரு சின்னச் சன்னல் திறந்து, "வணக்கம் உலகம்" என்றது.

முத்துராஜ் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "ஏம்மா, உலகத்துக்கு வணக்கம் சொல்ல நமக்கு அதிகாரம் இருக்கா?"

"சும்மா ஒரு ஆரம்பம் சார். எல்லாரும் இப்படித்தான்..."

"எல்லாருக்கும் எல்லை கிடையாது. நமக்கு உண்டு. நம்ம எல்லை ஒன்றியத்தோட முடியுது. பக்கத்து ஒன்றியத்துக்கு வணக்கம் சொல்லணும்னாக்கூட மாவட்டம் வழியாத்தான் சொல்லணும். நீங்க பாட்டுக்கு அமெரிக்காவுக்கெல்லாம் சொல்லிவச்சா, தணிக்கையில என்னைத்தான கேப்பாங்க?"

வாழ்த்து "வணக்கம் ஒன்றியம்" என்று திருத்தப்பட்டது. அதையும் அவர் யோசித்தார். வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் வரும், வந்தால் பதிவு செய்ய வேண்டும், பதிவு செய்ய எழுத்தர் வேண்டும். எழுத்தர் பணியிடம் காலி. கடைசியில் வணக்கம் கைவிடப்பட்டு "ஒன்றியம்" மட்டும் நின்றது.

அடுத்து அந்தச் சன்னலைப் பார்க்க அழகுமலையே வந்தார். அவருக்கு வாஸ்துவில் பிடிப்பு உண்டு. நாற்காலியைக் கிழக்கே திருப்பிப் போட்ட பிறகுதான் தனக்குப் பதவி உயர்வு வந்தது என்பதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தவர் முகம் சுருங்கிவிட்டது.

"முத்துராஜ், இதுல வடக்கு எது?"

"மேப்புல மேலதானங்கய்யா வடக்கு? இதுலயும் மேலதான்."

"அப்ப வலது பக்கம் மேல் மூலை?"

"ஈசானி மூலைங்கய்யா."

"ஈசானி மூலையில செவப்பு நிறத்துல ஒரு பெருக்கல் குறி! வெளங்குமா ஆபீசு? யாரும்மா வச்சது?"

"அது தானா வருது சார்," என்றாள் இலக்கியா. "அதை அமுக்குனாத்தான் சன்னல் மூடும்."

"தானா வர்றதைத்தான் மொதல்ல எடுக்கணும்."

இலக்கியா சன்னலைத் திரை முழுக்க விரித்துவிட்டாள். மூலையும் போச்சு, பெருக்கலும் போச்சு. கூடவே மூடுகிற வழியும் போச்சு. பரவாயில்லை, "வெளியேறு" என்று கீழே ஒரு பட்டன் வைத்துக்கொள்ளலாம் என்றாள். முத்துராஜ் காதைப் பொத்திக்கொள்ளாத குறைதான்.

"பொதுமக்கள் பாக்குற திரையில 'வெளியேறு'ன்னு போட்டா யாரைச் சொல்ற மாதிரி இருக்கும்? நாளைக்கே சாலை மறியல் வந்துரும்."

ஆக, மூட முடியாத சன்னல் ஒன்று மேற்படி அலுவலகத்தில் திறந்தது. அது இன்று வரை மூடவில்லை. சூடேறிய கம்ப்யூட்டருக்கு ஒரு டேபிள் ஃபேன் ஒதுக்கப்பட்டது. அந்த ஃபேன் அதுவரை பொதுமக்கள் உட்காரும் பெஞ்சுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"இது இப்ப என்ன செஞ்சுக்கிட்டிருக்கு?" என்று அழகுமலை ஒருநாள் கேட்டார்.

"காத்துக்கிட்டிருக்கு சார். இந்த மாதிரிப் புரோகிராம் எல்லாமே அப்படித்தான். தெறந்து வச்சுட்டா தானா எதுவும் செய்யாது. யாராச்சும் வந்து தொடுற வரைக்கும் சுத்திச் சுத்திக் காத்துக்கிட்டே இருக்கும்."

முத்துராஜுக்கு முதல் முறையாக அந்தப் புரோகிராமின் மேல் ஒரு பாசம் வந்தது. "இதுக்குப் போயி கம்ப்யூட்டர் எதுக்கும்மா? இந்த வேலையை நான் சர்வீசுல சேந்த நாள்லேர்ந்து பாத்துக்கிட்டிருக்கேன்."

இடையில் அமிர்தவல்லி வந்து வந்து போனார். வெயில் ஏற ஏற அவர் குரல் இறங்கியது. "ஆயிருச்சா தாயி?"

"சன்னல் ஆயிருச்சு அத்தை. பட்டன்தான் பாக்கி."

"சன்னலு எதுக்குத் தாயி? காத்துக்கா? எங்களுக்குத் தண்ணியில்ல வேணும்?"

பட்டன் அவ்வளவு சுலபத்தில் வரவில்லை. அதற்கு முன்னால் அழகு வந்தது. வெறும் சாம்பல் நிறத் திரை மாவட்டத்தின் பெருமைக்கு ஏற்றதாக இல்லை என்று அழகுமலை கருதினார். சித்தன்னவாசல் ஓவியத்தின் தாமரைக்குளத்தைப் பின்னணியாகப் போடச் சொன்னார். போட்டாயிற்று. குளம் வந்தது, தாமரை வந்தது, மீன், யானை, எருமை எல்லாம் வந்தன. குறையை எழுதுகிற பெட்டி எங்கே என்றுதான் தெரியவில்லை. பூவுக்கும் எருமைக்கும் நடுவில் தேடி, கடைசியில் ஓர் இலைக்கு அடியில் கண்டுபிடித்தார்கள். "எருமைக்கு வலப்புறம் எழுதவும்" என்று ஒரு குறிப்பு, காகிதத்தில் அச்சடித்துக் கம்ப்யூட்டரின் தலையில் ஒட்டப்பட்டது.

பிறகுதான் பட்டன். இலக்கியா வழக்கப்படி இரண்டு வைத்திருந்தாள். ஒன்றில் "சரி", இன்னொன்றில் "ரத்து".

"ரத்து செய்யற அதிகாரம் மாவட்டத்துக்குத்தான்," என்று முத்துராஜ் முதலில் அதை ரத்து செய்தார். பிறகு சரிக்கு வந்தார். வந்தவர் உட்கார்ந்தே விட்டார்.

"சரின்னு யாரு சொல்றது?"

"கம்ப்யூட்டர் சார்."

"கம்ப்யூட்டர் யாரோடது? ஆபீசோடது. அப்ப ஆபீசு சரின்னு சொன்ன மாதிரி ஆயிருச்சு. மோட்டார் கேட்டவங்களுக்கு ஆபீசு சரின்னு சொன்னா என்னம்மா அர்த்தம்?"

"மோட்டார் குடுக்கணும்னு..."

"குடுக்கணும்ல? இந்தக் கட்டடம் கட்டுனதுலேர்ந்து இங்க யாரும் சரின்னு சொன்னதில்லை. 'பார்க்கலாம்'னு சொல்லியிருக்கோம். 'போயிட்டு வாங்க'ன்னு சொல்லியிருக்கோம். சரின்னு சொன்னதில்லை. அதை எடுத்துட்டு 'ஆவன செய்யப்படும்'னு போடுங்க."

இலக்கியா மாற்றினாள். பட்டன் நீளமாகி எருமையின் கால் வரை போனது. ஆனாலும் அவளுக்கு ஒரு சந்தேகம்.

"யாரு செய்வாங்க சார்?"

முத்துராஜ் புன்னகைத்தார். பெண்ணைப் பார்க்க வந்த இடத்தில் பலகாரம் எடுத்துக்கொள்ளும்போது வருகிற அந்த நிதானமான புன்னகை. "அதுலதாம்மா இருக்கு சூட்சுமம். 'செய்வோம்'னு போட்டா நாம செய்யணும். 'செய்வார்'னு போட்டா அவரு யாருன்னு கேப்பாங்க. 'செய்யப்படும்'. இதுல யாராச்சும் தெரியுறாங்களா பாருங்க."

இலக்கியா பார்த்தாள். யாருமே தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் செயப்பாட்டுவினையை எதற்காக அத்தனை பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"சரி... இல்ல, மன்னிச்சுக்கங்க சார். பட்டனை அமுக்குனதும் 'தங்கள் குறை பெறப்பட்டது'ன்னு ஒரு பெட்டி வரும். அதோட ஓவர்சியர் சார் போனுக்கு மெசேஜ் போற மாதிரி எழுதியிருக்கேன்."

"ஓவர்சியருக்கா? போனா அவரு படிப்பாரு. படிச்சா போய்ப் பாக்கணும். பாத்தா எஸ்டிமேட் போடணும். எஸ்டிமேட் போட்டா அது என் மேசைக்கு வரும்." முத்துராஜ் தன் மேசையைப் பார்த்தார். பல வருட எஸ்டிமேட்டுகள் அங்கே அமைதியாக உறங்கிக்கொண்டிருந்தன. "வேணாம்மா. அந்த இடத்தை அப்படியே விட்டுருங்க."

அப்படியே விட்டுவிட அந்தக் கணினி மொழியில் இடமில்லை. ஒரு வேலைக்குப் பெயர் வைத்துவிட்டால் அதற்குள் ஏதாவது எழுதியே ஆகவேண்டும். காலியாக விட்டால் கோபித்துக்கொள்ளும். ஆனால் "இங்கே ஒன்றும் செய்யாமல் கடந்து போ" என்று சொல்வதற்கு அந்த மொழியிலேயே ஒரு சொல் இருக்கிறது. ஓவர்சியருக்குத் தகவல் போகும் இடத்தில் இலக்கியா அந்தச் சொல்லைப் போட்டாள். பாஸ்.

போட்ட கையை ஒரு நிமிடம் எடுக்கவில்லை. கம்மாக்கரைத் தெரு குடங்கள் நினைவுக்கு வந்தன. ஒப்பந்தம் பங்குனியோடு முடிகிறது என்பதும் நினைவுக்கு வந்தது. பிறகு எடுத்துவிட்டாள்.

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த முத்துராஜ் அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்துவிட்டு அழகுமலையின் அறைக்கே ஓடினார்.

"அய்யா! சாப்ட்வேர் பாஸ் ஆயிருச்சுங்கய்யா! திரையிலயே எழுதியிருக்கு!"

திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டார்கள். மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி வந்தார். முதல் பயனாளியாக அமிர்தவல்லி பட்டுச்சேலையில் வரவழைக்கப்பட்டார். முத்துராஜ் குறையைத் தானே டைப் செய்து, அமிர்தவல்லியின் விரலைப் பிடித்து எருமைக்கு அருகே கொண்டுபோனார். அமுக்கினார்கள். பெட்டி வந்தது: "தங்கள் குறை பெறப்பட்டது. ஆவன செய்யப்படும்." அய்யனார்கொல்லையிலிருந்து வந்திருந்தவர்கள் உட்பட எல்லாரும் கை தட்டினார்கள். அமிர்தவல்லியும் தட்டினார். அந்த வருடத்தில் அவர் குறையை யாரோ பெற்றுக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"ரொம்பப் புண்ணியம் தாயி," என்று இலக்கியாவின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார். இலக்கியா அன்று விழாவில் கொடுத்த கேசரியைச் சாப்பிடவில்லை.

பெரிய அதிகாரி, "நல்லா இருக்கு. இதை மூடிட்டு அடுத்ததைக் காட்டுங்க," என்றார்.

யாருக்கும் மூடத் தெரியாது. முத்துராஜ்தான் காப்பாற்றினார். "மக்கள் சேவைக்கு மூடுவிழா கிடையாதுங்கய்யா." பெரிய அதிகாரி நெகிழ்ந்துபோய் அதைத் தன் கைப்பேசியில் குறித்துக்கொண்டார்.

அமிர்தவல்லி பட்டனை நம்பிக் கொஞ்ச காலம் இருந்தார். பிறகு மறுபடி வந்து அமுக்கினார். பெட்டி அதே மரியாதையோடு அதையே சொன்னது. தெருப் பெண்கள் எல்லாரும் ஆட்டோ பிடித்து வந்து ஆளுக்கொரு முறை அமுக்கினார்கள். ஆளுக்கொரு முறை சொன்னது. கடைசியில் கம்மாக்கரைத் தெருக்காரர்கள் வீட்டுக்கு வீடு வசூல் பண்ணி, மோட்டாரைக் கழற்றி, கீரமங்கலத்தில் காயில் கட்டுகிற கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கட்டி மாட்டியதும் தண்ணீர் வந்தது. மோட்டார் பெட்டிக்கு ஒரு பூட்டு போட்டு, சாவியை அமிர்தவல்லி கையில் கொடுத்தார்கள்.

தண்ணீர் வந்த செய்தி ஆபீசுக்கும் வந்தது. அழகுமலை ஜீப்பை எடுத்துக்கொண்டு, புகைப்படக்காரரோடு, பெரிய அதிகாரியையும் அழைத்துக்கொண்டு அய்யனார்கொல்லைக்கே போய்விட்டார்.

"பட்டனை அமுக்குனீங்களாம்மா?" என்றார் பெரிய அதிகாரி.

"அமுக்குனோங்க."

"தண்ணி வந்துச்சா?"

"வந்துச்சுங்க. ஆனா நடுவுல நாங்களா வீட்டுக்கு வீடு வசூலு பண்ணி..."

"பொதுமக்கள் பங்களிப்புடன்," என்று முத்துராஜ் அதை அறிக்கைத் தமிழில் பெயர்த்தார். பெரிய அதிகாரி அதையும் குறித்துக்கொண்டார்.

சுதந்திர தின விழாவில் அழகுமலைக்குக் கேடயம் கிடைத்தது. இலக்கியாவின் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. பக்கத்து ஊர்க்காரர்கள் மறியல் செய்தார்கள். அவர்கள் தண்ணீர் கேட்கவில்லை. "எங்களுக்கும் பட்டன் வேண்டும்" என்று தட்டி பிடித்திருந்தார்கள். பேச்சுவார்த்தைக்குப் போன முத்துராஜ் அவர்களுக்கு என்ன பதில் சொன்னார் என்று தனியாக எழுதத் தேவையில்லை.

மறு வருடம் சித்திரை வெயிலில் பள்ளிக்கூடத் தெரு மோட்டாரும் புகைந்தது.

இலக்கியா ஆபீசில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, எருமைக்கு வலப்புறம் தன் தெருவின் பெயரை எழுதிப் பட்டனை அமுக்கினாள். பெட்டி வந்தது. உள்ளே எழுதியிருக்கும் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அந்த ஆபீசிலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஆனாலும் "ஆவன செய்யப்படும்" என்று படித்ததும் மனசுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்டார்கள், "என்ன பாப்பா சொன்னாங்க?"

"செய்யப்படும்னு வந்துச்சும்மா," என்றாள், ஒரு நம்பிக்கையோடு.

அம்மாவுக்கும் நம்பிக்கைதான். ஆனால் சோறு வடிக்கத் தண்ணீர் இல்லை.

மறுநாள் காலையில் இலக்கியா குடத்தை எடுத்துக்கொண்டு கம்மாக்கரைத் தெருவுக்குப் போனாள். பள்ளிக்கூடத் தெருவே அங்கே வரிசையில் நின்றது. மோட்டார் பெட்டி பூட்டியிருந்தது. சாவி இடுப்பில் தொங்க, அமிர்தவல்லி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார்.

"அத்தை, எங்க மோட்டாரு பொகைஞ்சு போச்சு. ரெண்டு கொடம் விடுங்களேன். ஆபீசுக்கு நேரமாச்சு."

அமிர்தவல்லி குடத்தைத் தொடவில்லை. கோபமும் இல்லை. நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாங்க போங்க என்று அவர் இலக்கியாவைப் பேசியது அதுவரை கிடையாது.

"வாங்க தாயி. ஒங்க கொறை பெறப்பட்டுச்சு. போயிட்டு வாங்க, ஆவன செய்யப்படும்."

வரிசையில் நின்ற பள்ளிக்கூடத் தெரு முழுக்க, பழக்க தோஷத்தில், கை தட்டியது.